மூன்றாவது வீதியின் கனெக்சன்காரர்கள்

கோகிலவாணியின் முதல் தொடர்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பால்காரர் வருவதற்குச் சற்று முன்பு, கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, தோளில் லேப்டாப் பை, முகத்தில் ஒரு சிரிப்பு. வாசல் தெளிக்க வாளியோடு வந்த கோகிலவாணியைப் பார்த்து வந்த சிரிப்பில்லை அது. எங்கேயோ ஒரு ஸ்டூடியோவில் சிரித்து முடித்ததை அப்படியே மாட்டிக்கொண்டு வந்தது. முந்தின நாள் மாலை போனில் 'ஏற்றுக்கொள்' என்று அவள் அழுத்திய அதே ஆள்தான், புனேயில் ஏதோ வால்வு கம்பெனியில் துணை மேலாளர் என்று போட்டிருந்ததே, அவர்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வாழ்த்துகள்" என்றார் அவர்.

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள், அவர் தள்ளவில்லை, அவரைச் சுற்றித் தெளித்துவிட்டு, அவர் நின்ற இடத்தை விட்டுவிட்டுக் கோலத்தைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். பக்கத்து வீட்டுச் சாந்தாமணி மதில் மேல் எட்டிப் பார்த்து, "ஏனுங் கோகிலா, ஒறம்பரையா?" என்று கேட்டதற்கு, "சொந்தமெல்லாம் இல்லீங்கக்கா, ஆன்லைன்ல பழக்கம்" என்றாள். சாந்தாமணிக்கு அது போதுமானதாக இருந்தது.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே கோகிலவாணி வேலை பார்த்துவந்த பம்ப்செட் கம்பெனி, இதற்கெல்லாம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, அவளையும் இன்னும் பலரையும் பயிற்சி அறைக்குக் கூப்பிட்டு, ஏசியைக் கடுங்குளிரில் வைத்து உட்காரவைத்தது. மனிதவளத் துறைத் தலைவர் அஸ்வத், அப்போதுதான் முடி வெட்டிக்கொண்டு வந்தவர் போல இருந்தவர், குடும்பம் குடும்பம் என்று பேசிப் பேசி, குடும்பத்தில் சிலர் வெளியே போகும் நேரம் வந்துவிட்டது என்று முடித்தார். "வேலையைத் தேடாதீங்க, நெட்வொர்க்கை வளருங்க. உங்களுக்கு எத்தனை பேரைத் தெரியுமோ அதுதான் உங்க மதிப்பு" என்றார். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அசெம்பிளி பிரிவு ரத்தினசபாபதி கையைத் தூக்கி, "சார், எங்களைத் தெரிஞ்சவங்க நீங்கதான். நீங்களே வெளிய தாட்டி உடறீங்க. அப்ப எங்க மதிப்பு எவ்வளவுங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அஸ்வத்தும் சிரித்தார், சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்கினார், கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஆளுக்கொரு பீங்கான் கப் கொடுத்து அனுப்பினார்.

அப்படித்தான் கோகிலவாணி, உத்தியோகக்காரர்கள் ஒருவரோடொருவர் தொடர்பு சேர்த்துக்கொள்ளும் அந்த இணையதளத்தில் சேர்ந்தாள். வீட்டுக்காரர் திருமூர்த்தியின் லேத் பட்டறையில் ஆர்டர் குறைந்து, ஒரு மெஷின் ஓடினால் ஒரு மெஷின் துணி மூடிக் கிடந்த காலம் அது. தானும் வீட்டில் துணி மூடிக் கிடக்க அவளுக்கு மனமில்லை. காலையில் பத்துப் பேரை ஏற்றுக்கொண்டாள், மாலையில் பத்துப் பேருக்கு விண்ணப்பம் அனுப்பினாள், ஏற்றுக்கொண்டவர்கள் ஏற்றுக்கொண்ட வரிசையில் விடிவதற்குள் வந்து சேர்ந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்தார்கள், குர்கானிலிருந்து வந்தார்கள், பஸ்ஸிலோ ரயிலிலோ வராமல் வந்தார்கள். வாசல் நிறைந்து, மதிலோரம் நிறைந்து, மூன்றாவது வீதியின் முனையில் இருக்கும் டிரான்ஸ்பார்மர் வரைக்கும் நின்றார்கள். எல்லோரும் போட்டோவில் இருந்தபடியே இருந்தார்கள். பட்டமளிப்பு அங்கியில் படம் வைத்திருந்த பெண் அங்கியோடு வந்தாள், அவள் விரித்த கையின் நிழலில் கீரைக்காரம்மா கூடையை இறக்கிவைத்துக்கொண்டார். படமே வைக்காதவர்கள் சாம்பல் நிறத்தில் தலையும் தோளுமாக வந்தார்கள். கல்யாண போட்டோவிலிருந்து தன்னை மட்டும் வெட்டியெடுத்துப் படம் வைத்திருந்த ஒருவரின் தோள்மேல் மணிக்கட்டு வரைக்கும் ஒரு கை, வளையலோடு, மருதாணியோடு, அப்படியே இருந்தது.

"பொண்டாட்டி கையா இருக்காது. பொண்டாட்டின்னா வெட்டுவானா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"வெட்டறதே பொண்டாட்டியத்தான்" என்றாள் சாந்தாமணி.

அவர்கள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, மழை பெய்தால் நனையவில்லை. தொட்டால் ஆள் போலத்தான் இருந்தார்கள், ஆனால் தள்ளினால் நகரவில்லை, நாலு பேர் சேர்ந்து முட்டுக்கொடுத்தாலும் நகரவில்லை. தண்ணி லாரி வந்த அன்று குடத்தோடு இடுக்கில் மாட்டிக்கொண்ட சாந்தாமணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "வாழ்த்துகள் சாமி, நல்லா இரு, வழியை விடு" என்று கத்தினாள். அந்த ஆள் மலர்ந்து, "மிக்க நன்றி" என்று ஓர் அடி விலகினார். அன்றிலிருந்து வீதிக்கு வழி தெரிந்துவிட்டது. பால்காரர் வாழ்த்துகள் வாழ்த்துகள் என்று சொல்லிக்கொண்டே சைக்கிளை ஓட்டினார், பள்ளிக்கூட ஆட்டோ ஹாரனுக்குப் பதிலாக வாழ்த்துகள் என்று கூவிக்கொண்டு வந்தது, காய்கறித் தள்ளுவண்டிக்காரர் தக்காளி வாழ்த்துகள் வெங்காயம் வாழ்த்துகள் என்று ஒரே மூச்சில் விற்றார்.

மனிதர்கள் எதற்கும் பழகிவிடுகிறார்கள், மூன்றாவது வீதியும் பழகி, அவர்களுக்குக் கனெக்சன்காரர்கள் என்று பெயரும் வைத்துவிட்டது. ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்குக் கயிறு கட்டித் துணி காயப்போட்டார்கள். பிள்ளைகள் ஒல்லியாக நின்ற மூவரை ஸ்டம்பாக வைத்துக் கிரிக்கெட் ஆடினார்கள், பந்து பட்டால் அவர்களே "சிறப்பான முயற்சி" என்று சொன்னதால் அவுட்டா இல்லையா என்ற சண்டை இல்லாமல் போயிற்று. மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற சங்கச் செயலாளர் சென்னியப்பன் கூட்டம் போட்டு, குப்பை வண்டி வரும் நேரத்தில் கனெக்சன்காரர்கள் இடப்பக்கம் மட்டும் நிற்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றினார், அதை அவர்களிடம் வாசித்தும் காட்டினார், அவர்கள் முழுமையாக ஒத்துப்போவதாகச் சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார்கள். கோகிலவாணிக்கு மதிப்புக் கூடியது. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள், "நீங்களும் வாங்க, உங்காளுகளையும் கூட்டிட்டு வாங்க, மண்டபம் ரொம்பின மாதிரி இருக்கும்" என்றார்கள்.

மதிப்புக் கூடியதே தவிர வேலை வரவில்லை. தினமும் சோறாக்கி வைத்துவிட்டு, தன் விவரம் அடித்த தாள்களை எடுத்துக்கொண்டு அவள் வீதியில் இறங்கினாள். "குவாலிட்டியில அனுபவம் இருக்குங்க, உங்க கம்பெனியில எதாச்சும்..." என்று ஆரம்பித்தாள். "கண்டிப்பாக" என்றார்கள். "உங்கள் பயணம் ஊக்கமளிக்கிறது" என்றார்கள். தாளை வாங்கக் கையை நீட்டினார்கள், வாங்கிய தாளைப் பிடித்துக்கொள்ளாமல் விட்டார்கள், தாள்கள் காற்றில் போய்ச் சாக்கடையில் விழுந்தன, மறுநாள் அதே ஆளிடம் போனால் அதே கண்டிப்பாக என்று அதே கையை நீட்டினார். வீதி முனை வரை போய்த் திரும்பி வரும்போது அவளுக்குக் கன்னம் வலித்தது. கூடச் சிரித்துச் சிரித்து வந்த வலி.

"போனைக் கீழ வெச்சுட்டு பட்டறைக்கு வா. ரெண்டு பேரும் சேந்து எதாச்சும் பார்ப்போம்" என்றார் திருமூர்த்தி.

"நீங்க மூடி வெச்ச மெஷினுக்குப் பக்கத்துல நானும் ஒரு மெஷினா நிக்கறதுக்கா?" என்று எரிந்து விழுந்தாள். சொன்ன பிறகு அழுகை வந்தது. அழவில்லை.

அந்த வாரம்தான் அஸ்வத்தின் விண்ணப்பம் வந்தது. அவர் தன் பக்கத்தில் ஒன்று எழுதியிருந்தார்: என் வாழ்வின் மிகக் கடினமான நாள் அந்த வெள்ளிக்கிழமை, அறையை விட்டு வெளியே வந்ததும் காரில் உட்கார்ந்து அழுதேன், தலைவர்களும் மனிதர்கள்தான். கூடவே கண்ணீரோடு தன்னைத்தானே எடுத்த படம். ஆயிரக்கணக்கானவர்கள் அதைக் கொண்டாடியிருந்தார்கள். கோகிலவாணிக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்தாலும், ஒருவேளை திரும்பக் கூப்பிடத்தானோ என்று ஒரு நப்பாசையில் ஏற்றுக்கொண்டாள்.

அவர் அந்தப் படத்தில் இருந்தபடியே வந்தார். வீதியோரத்து வேப்பமரத்தடியில், கன்னத்தில் கண்ணீர் வழிய வழிய நின்றார். அதுவரை அவள் வாசலைப் பார்த்து நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டி, அவரைப் பார்த்துக் கைதட்டினார்கள். வேலையை எடுத்தவன் அழுகிறான், வேலை போனவளின் வாசலில் அவனுக்குக் கைதட்டுகிறார்கள், அதைப் பார்க்க அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. அந்தக் கண்ணீர் நிற்கவே இல்லை. வேப்பமரத்தடி சேறாகி, கொசு பிடித்து, மாநகராட்சியிலிருந்து வந்து மருந்து அடித்துவிட்டுப் போனார்கள்.

சித்திரை மாதத்து ஒரு மதியம் ரத்தினசபாபதி வந்தார். சூலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர் நேராக வீட்டுக்கு வரவில்லை. வீதி முனையில் செருப்பின் தூசியைத் தட்டி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, டிரான்ஸ்பார்மர் அடியில் நின்ற முதல் ஆளிலிருந்து ஆரம்பித்தார். "வணக்கமுங்க. அசெம்பிளியில இருந்தவனுங்க. வாட்ச்மேன் வேலைன்னாலும் பரவால்லீங்க" என்று கும்பிட்டார். கும்பிட்டு, பதிலை நின்று கேட்டு, அடுத்த ஆளிடம் போனார். அவர் பாதி வீதி வந்த பிறகுதான் கோகிலவாணி பார்த்தாள்.

"அண்ணா! அவங்ககிட்டக் கேக்காதீங்க! வீட்டுக்கு வாங்க!"

"இரு கண்ணு. இத்தனை பேரு நிக்கறாங்க. ஒருத்தராச்சும் இருக்க மாட்டாங்களா?"

"இருக்க மாட்டாங்கண்ணா. சொன்னாக் கேளுங்க!"

அவர் கேட்கவில்லை. வெயிலில் முகம் கறுத்து, வேர்வையில் சட்டை ஒட்டி, ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டு, வேப்பமரம் வரைக்கும் வந்தார். அங்கே அழுதுகொண்டு நின்றவரை அடையாளம் கண்டு, "சார், நீங்களா?" என்றார். கையைக் கூப்பப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சாய்ந்தார்.

சுற்றி நின்றவர்கள், "விரைவில் குணமடைய வாழ்த்துகள்" என்றார்கள். தூரத்தில் நின்று சரியாகப் பார்க்காதவர்கள், "புதிய தொடக்கத்துக்கு வாழ்த்துகள்" என்றார்கள். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, சீக்கிரமே வந்துவிட்டது, ஆனால் வீதி முனையிலேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் இடமில்லை. சாந்தாமணி வீட்டு நாடாக் கட்டிலை எடுத்துவந்து அவரைக் கிடத்தி, திருமூர்த்தி ஒரு கால், சென்னியப்பன் ஒரு கால், இன்னும் இருவர் இரண்டு கால் என்று தூக்கினார்கள். முன்னால் பெண்கள் ஓடினார்கள். ஓடிக்கொண்டே, அழுதுகொண்டே, வேறு வழியில்லாமல், ஒவ்வொரு முகத்துக்கும் நேராக, வாழ்த்துகள், வாழ்த்துகள், வழியை விடு, வாழ்த்துகள் என்று கத்தினார்கள். கனெக்சன்காரர்கள் ஒவ்வொருவராக நன்றி சொல்லி, ஒவ்வோர் அடியாக விலகினார்கள். வண்டியில் ஏற்றும்போது ரத்தினசபாபதி ஒருமுறை கண்ணைத் திறந்து பார்த்தார். சுற்றிலும் கண்ணில் பட்டவர்கள் எல்லோரும் நெஞ்சில் அடித்துக்கொண்டு வாழ்த்துகள் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

காரியம் எல்லாம் முடிந்து கோகிலவாணி வீடு திரும்பிய காலை, அஸ்வத் இன்னொன்று எழுதியிருந்தார். ஓர் அன்பான சக ஊழியரை இழந்துவிட்டேன், அவருடைய மறைவு தலைமைப் பண்பைப் பற்றி எனக்கு மூன்று பாடங்களைக் கற்றுத்தந்தது. வீதியில் கைதட்டல் கேட்டது. விடாமல் கேட்டது. அவள் வாசற்படியில் உட்கார்ந்து போனை எடுத்தாள். அந்தத் தளத்தில் அதுவரை அவள் எழுதியதெல்லாம் அந்தத் தளமே சொல்லிக்கொடுத்த வார்த்தைகள். இந்த முறை வாயில் வந்ததை எழுதினாள்.

"நான் கோகிலவாணி. எனக்கு வேலை இல்லை. நான் புதிய வாய்ப்புகளை எதிர்நோக்கவில்லை, எனக்குச் சோற்றுக்கு வேலை வேண்டும். உங்களில் ஒருத்தரும் எனக்கு எதுவும் செய்யவில்லை, செய்வதாக நடித்தீர்கள். என்னோடு வேலை பார்த்த அண்ணன் உங்கள் ஒவ்வொருவரையும் கும்பிட்டுக் கும்பிட்டு உங்கள் காலடியில் விழுந்து செத்தார். அவர் செத்ததற்கு நீங்கள் வழியை அடைத்து நின்றது காரணம். அவரை நடு வயசில் தெருவில் விட்டுவிட்டுக் காரில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டவர் காரணம். அவர் சாவில் பாடம் படிக்கிற உங்கள் எல்லோர் மூஞ்சியிலும் காறித் துப்புகிறேன். அவர் பெயரை இதில் எழுத மாட்டேன். எழுதினால் அதற்கும் வாழ்த்துச் சொல்வீர்கள்."

அனுப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கைதட்டல் நின்றிருந்தது. வேப்பமரத்தடியில் அழுதுகொண்டிருந்தவர் அழுகையை நிறுத்தி, முகத்தைத் துடைத்து, முதல் ஆளாகப் போனார். அவருக்குப் பின்னால் அங்கிக்காரி, வால்வு கம்பெனிக்காரர், தோள்மேல் கை வைத்திருந்தவர் அந்தக் கையோடு. கோபத்தில் இருப்பவள் பக்கத்தில் நிற்பது நல்லதில்லை என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது போல, சிரிப்பை மடித்து வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். கட்டியிருந்த கயிறுகள் அறுந்து துணியெல்லாம் மண்ணில் விழுந்தது. மாலைக்குள் வீதி காலியாகி, அது இவ்வளவு அகலமான வீதியா என்று ஆச்சரியப்படும்படி கிடந்தது. சென்னியப்பன் மட்டும், "அதுக்குன்னு இப்படியா எழுதறது? ஒரு பந்தோபஸ்து மாதிரி இருந்தாங்க" என்று முணுமுணுத்தார். சாந்தாமணி திரும்பிப் பார்த்த பார்வையில் அவரும் உள்ளே போய்விட்டார்.

ஆனால் அவள் எழுதியதை ஊரெல்லாம் படித்தது. மூன்றாம் நாள் ஒரு வெள்ளைக் கார் வந்தது. நிஜமான அஸ்வத் இறங்கினார், போட்டோவில் இருப்பதைவிடக் குள்ளமாக, தொப்பையோடு.

"மேடம், உங்க வலி எனக்குப் புரியுது. அதை எடுத்துடுங்க. கம்பெனி பேரு கெட்டுப்போகுது. ஓசூர் யூனிட்ல குவாலிட்டி இன்சார்ஜ் போஸ்ட் ஒண்ணு இருக்கு. அடுத்த வாரமே சேர்ந்துக்கலாம்."

திருமூர்த்தி கதவோரம் நின்று அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு அந்த வேலை வேண்டும்தான். எவ்வளவு வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும்.

"சூலூருக்கு வாங்க" என்றாள் கோகிலவாணி. "அவரு சம்சாரத்துக்கு முன்னாடி வந்து உக்காருங்க. அப்பறம் மத்ததைப் பேசலாம்."

அஸ்வத் யோசித்துப் பார்த்துச் சரி என்றார். காரில் ஏறும்போது சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டதை அவள் பார்த்தாள்.

ரத்தினசபாபதியின் மனைவி சுலோச்சனா, ஓட்டு வீட்டின் முன்னறையில் பாய் மேல் உட்கார்ந்திருந்தார். வந்தவர் யார் என்று கோகிலவாணி சொன்னாள். அவர் எழுந்திருக்கவில்லை, நாற்காலியைக் காட்டினார்.

அஸ்வத் முன்னால் குனிந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார். "அம்மா, உங்க கணவர் எங்க குடும்பத்துல ஒருத்தர். அவரை நான் மறக்கவே மாட்டேன்."

"அவரு பேர் என்னங்க?" என்றார் சுலோச்சனா.

அஸ்வத் விழித்தார். கோகிலவாணியைப் பார்த்தார். சுவரில் படம் இன்னும் மாட்டவில்லை, மாட்டியிருந்தாலும் அதில் பெயர் இருந்திருக்காது. "அது... வந்து... அசெம்பிளியில சீனியர்..."

"பேருங்க."

"டக்குன்னு வாயில வரலைம்மா."

"மெதுவாச் சொல்லுங்க. எனக்கு எங்கயும் போற வேலை இல்லீங்க."

அவர் போனை எடுத்து மடியோரம் வைத்து வேகமாக எதையோ தட்டினார். தன்னைத் தொடரும் ஆயிரக்கணக்கானவர்களிடம்தான் கேட்டார். கோகிலவாணி பக்கத்திலிருந்து திரையைப் பார்த்தாள். மறைந்த நம் அருமைச் சகாவை நினைவுகூர்வோம், அவர் பெயர் சொல்லி அஞ்சலி செலுத்துங்கள் என்று எழுதியிருந்தார். பதில்கள் மளமளவென்று வந்தன. ஆழ்ந்த இரங்கல். உங்கள் எளிமை நெகிழவைக்கிறது. தலைவர் என்றால் இவர்தான். அஸ்வத் விரலால் தள்ளிக்கொண்டே போனார், தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது, ஒரு பெயர்கூட இல்லை.

"மேடம், ப்ளீஸ்" என்றார் கோகிலவாணியிடம், உதடு மட்டும் அசைய.

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள், அறை முழுக்கக் கேட்கும்படி. "சொல்ல மாட்டேன்."

அதோடு ஓசூர் வேலை போயிற்று. அவள் பிறகு திருமூர்த்தியின் பட்டறையில் பழைய பம்ப்செட்டுகளைப் பிரித்துச் சரிசெய்யும் வேலையை ஆரம்பித்தாள், கூட வேலை போனவர்களில் இருவர் வந்து சேர்ந்தார்கள், கஷ்டத்தோடுதான் ஓடியது, ஓடியது. அதெல்லாம் பின்னால். அன்று அஸ்வத் நாற்காலியை விட்டு எழுந்து, யாருக்கு என்று தெரியாமல் ஒரு கும்பிடு போட்டு, வெளியே போய்க் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அந்தப் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வார்கள். சுலோச்சனாவும் கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவர் பாயிலிருந்து எழுந்தார். கோகிலவாணி பிடிக்க வந்ததை விலக்கிவிட்டு வாசலைத் தாண்டி, நடுத் தெருவில் போய் நின்றார். கார் முக்கில் திரும்புவதற்குள் இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, தொண்டை கிழிய, "ரத்தினசபாபதி!" என்று கத்தினார். தெருவில் கதவுகள் திறந்தன. இடுப்பில் குழந்தையோடும் கையில் கரண்டியோடும் பெண்கள் வெளியே வந்து பார்த்தார்கள். கார் நிற்கவில்லை. "ரத்தினசபாபதிடா!" என்றார் சுலோச்சனா. "அவரு பேரு ரத்தினசபாபதி!"